ஐந்து ஊற்றினால் மூன்று காட்டிய குச்சி

“பெட்ரோலுக்குப் புது விலை. கலால் வரி ஏறியிருப்பதாகச் செய்தி. எதிரிலுள்ள பங்க்குக்கு ஸ்கூட்டர்கள் வருகின்றன, விலைப் பலகையைப் பார்க்கின்றன, ஊற்றிக்கொள்ளாமலே திரும்புகின்றன. அரை மணி நேரத்தில் பன்னிரண்டு எண்ணினேன்.”

1973ஆம் ஆண்டு நவம்பர் முதல் வாரத்தில் என் நாட்குறிப்பில் உள்ள பதிவு இது. இதன் கீழே பழைய விலையும் புதிய விலையும் எழுதியிருக்கிறேன். அந்த இடத்தில் ஈரம் பட்டு மை கலைந்துவிட்டது. நினைவிலிருந்து இரண்டு எண்களைச் சொல்லிவிடலாம். சரிபார்க்காத எண்ணை எழுத எனக்குக் கை வராது. முந்தின நாள் டேங்க்கை நிரப்பிய காசுக்கு மறுநாள் அந்த டேங்க் நிரம்பவில்லை என்பது மட்டும் இங்கே போதும்.

எடை, அளவு முத்திரை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கடைத் தராசு, எடைக்கல், எண்ணெய்க் குவளை, துணி அளக்கும் மீட்டர் கோல், பெட்ரோல் பங்க் மெஷின் ஆகியவை சரியாக அளக்கின்றனவா என்று சோதித்து முத்திரை வைப்பது எங்கள் வேலை. அண்மையில் பெட்ரோல் விலை மீண்டும் ஏறிய சமயத்தில், இப்போது அந்த வேலையில் இருக்கும் இருவர் வீட்டுக்கு வந்தார்கள். விலை ஏறினால் போதும், அளவு குறைகிறது என்று புகார் குவிகிறதாம். “உங்க காலத்துலயும் இப்டித்தானா சார்?” என்று கேட்டார்கள். ஆமாம் என்று சொல்லிக் காஞ்சிபுரத்தில் நடந்த ஒன்றைப் பாதிவரை சொன்னேன். மீதியைச் சொல்ல முடியவில்லை. எழுதினால் முடியும் என்று நினைக்கிறேன்.

1964இல் உதவியாளனாகச் சேர்ந்தேன். பயிற்சி சென்னையில். எடைக்கல்லை விரலால் தொடக் கூடாது, இடுக்கியால் எடுக்க வேண்டும் என்பதில் தொடங்கி, படியும் கேலனும் போய் லிட்டர் வந்த குழப்பத்தைக் கடைக்காரர்களுக்கு விளக்குவது வரை கற்றுத் தந்தார்கள். பிறகு காஞ்சிபுரம். பட்டு நூல் நிறுக்கும் தராசுகளே அங்கே எங்களுக்குப் பெரும் வேலை. எட்டு ஒன்பது வருடம் அவற்றின் முள்ளைப் பார்த்துப் பார்த்து என் கண்ணே ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது என்று என் மனைவி சொல்வாள்.

எனக்கு மேலதிகாரி வேதாசலம். மெலிந்த மனிதர், வெள்ளை முழுக்கைச் சட்டையின் பொத்தானைக் கோடையிலும் மணிக்கட்டு வரை போட்டிருப்பார். சோதனைக்குப் போகும் இடத்தில் காப்பி குடிக்க மாட்டார். தண்ணீர் வேண்டுமென்றால் பக்கத்துக் கடையில் போய்க் குடித்துவிட்டு வருவார். அவரிடம் இரண்டு விதிகள் இருந்தன. ஒன்று, கருவியைப் பற்றி மட்டும் பேச வேண்டும், ஆளைப் பற்றிப் பேசக் கூடாது. மற்றொன்று, முடிவைக் கூட்டத்தின் முன் சொல்லக் கூடாது. எழுதி, கையெழுத்திட்டு, உரிமையாளரிடம் உள்ளே வைத்துக் கொடுக்க வேண்டும். முன்னொரு தடவை ஒரு சந்தையில் ‘இந்தத் தராசு சரியில்லை’ என்று வாய்விட்டுச் சொன்னதற்குக் கடைக்காரரைக் கூட்டம் அடித்துவிட்டதாம். அன்றிலிருந்து இந்த விதி. நல்ல விதி என்றுதான் நானும் நம்பினேன்.

நான் குடியிருந்த வீட்டுக்கு எதிர்ச் சாரியில், வேலூர் போகும் சாலையில்தான் அந்த பங்க். அங்கே மெஷினைக் கவனித்தவர் சாலமோன். ஏனாத்தூர்க்காரர். முப்பத்தைந்து வயதிருக்கும். அவருடைய அப்பா மற்றவர்கள் நிலத்தில் கூலி வேலை செய்தவர். சாலமோன்தான் அந்தக் குடும்பத்தில் முதன்முதலாகக் காக்கிச் சட்டை போட்டு மாதச் சம்பளம் வாங்கியவர். பெட்ரோல் ஊற்றி முடித்ததும் ஓஸ் குழாயைத் தலைக்கு மேலே தூக்கி, உள்ளே தங்கியிருக்கும் சொட்டும் டேங்க்குக்குள் விழும்படி இரண்டு முறை உதறுவார். அப்படிச் செய்யும்படி யாரும் அவரிடம் கேட்டதில்லை. அவராகவே செய்தார்.

அந்த பங்க்கில் முன்பு கையால் இறைக்கும் மெஷின் இருந்தது. மேலே இரண்டு கண்ணாடிக் குடங்கள். ஐந்து லிட்டர் பெட்ரோல் குடத்தில் ஏறுவதை வண்டிக்காரர் கண்ணால் பார்க்கலாம். விலை ஏறுவதற்கு இரண்டு வருடம் முன்னால் அதை எடுத்துவிட்டு, எண்கள் உருளும் மின்சார மெஷின் வைத்தார்கள். அப்போது யாரும் எதுவும் சொல்லவில்லை.

விலை ஏறியதும் ஊர் திகைத்துப் போயிற்று. காரில் மட்டுமே போய்வந்த ஒரு டாக்டர் சைக்கிளில் வந்தார். அவருக்குத் தொழில் நொடித்துவிட்டது என்று நோயாளிகள் பேசிக்கொண்டார்கள். ஒருவர் கடைக்கு ஒருவர் ஏறாத நான்கு பட்டு வியாபாரிகள் ஒரே அம்பாசிடரில் சென்னைக்குப் போனார்கள். பின் சீட்டில் நெருக்கி உட்கார்ந்து, தங்கள் தங்கள் சேலை மூட்டையின் மேல் துண்டைப் போட்டு மூடியிருந்தார்கள், டிசைனைப் பக்கத்தில் இருப்பவர் பார்த்துவிடக் கூடாதென்று. ஸ்கூட்டர்காரர்கள் சாலமோனிடம் வாயாடினார்கள்.

“இன்னா சாலமோனு, பெட்ரோல்ல ஜரிகை கலந்துட்டீங்களா? பட்டுப்பொடவ வெல சொல்றியே!”

“நானாண்ணா வெல வெக்கிறேன்? வரி போட்டவங்களக் கேளுங்கண்ணா.”

“அவங்க கிட்ட இல்லியே, நீதான கிட்ட இருக்குற!”

சிரிப்பார்கள். முதல் இரண்டு வாரம் சிரிப்பாகத்தான் இருந்தது.

மூன்றாவது வாரத்தில் ஒரு காலை. அலுவலகத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். மேற்கே இருந்து ஒரு ஜீப்பை ஆட்கள் தள்ளிக்கொண்டு வந்தார்கள். ராணுவத்தில் கழித்துவிட்ட பழைய பெட்ரோல் ஜீப். தாமலுக்கும் காஞ்சிபுரத்துக்கும் ஆள் ஏற்றும் வண்டி. ஓட்டியவர் கஜபதி, தாமல் விவசாயக் குடும்பத்துக்காரர். உருண்டை முகம், உரத்த குரல். விலை ஏறியதிலிருந்து வண்டிக்காரர்கள் கடைசிச் சொட்டு வரை ஓட்டிப் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். அன்று பங்க்குக்கு அரை மைல் முன்னால் டேங்க் காய்ந்து வண்டி நின்றுவிட்டது. காய்கறிக் கூடையோடு வந்த பெண்கள் உட்பட ஒன்பது பேர் இறங்கித் தள்ளியிருந்தார்கள்.

“காசும் குடுத்து வண்டியும் தள்றோம். இறங்கும்போது எங்களுக்குச் சம்பளம் எவ்ளோ கஜபதி?” என்று ஓர் அம்மாள் கேட்டாள்.

“அஞ்சு லிட்டர் ஊத்துபா,” என்றார் கஜபதி சாலமோனிடம்.

சாலமோன் ஊற்றினார், ஓஸைத் தூக்கி உதறினார். கஜபதி உடனே வண்டியைக் கிளப்பவில்லை. அந்த ஜீப்பில் டிரைவர் சீட்டைத் தூக்கினால் கீழே டேங்க். அதன் வாய் வெளிப்பக்க ஓரத்தில் இருக்கும். பெட்ரோல் காட்டும் முள் எப்போதோ செத்துப் போயிருந்தது. அதனால் கஜபதி ஒரு குச்சி வைத்திருந்தார். தறியில் பாவு இழைகளுக்கு நடுவே செருகும் வழவழப்பான மூங்கில் குச்சி. காலி டேங்க்கில் ஒவ்வொரு லிட்டராக ஊற்றி, நனைந்த இடத்தில் கத்தியால் கீறி, லிட்டர் கணக்குப் போட்டிருந்தார். அந்தக் குச்சியை டேங்க்குக்குள் விட்டு எடுத்தார். ஈரம் மூன்றாவது கீறலைத் தொட்டு நின்றது.

மறுபடி விட்டார். மறுபடியும் மூன்று.

“ஊத்துனது அஞ்சு. குச்சி மூணு சொல்லுது. ரெண்டு லிட்டர் எங்கபா?”

சாலமோன் மெஷினின் எண்ணைக் காட்டினார். ஐந்து என்று இருந்தது.

“அது நம்பர்பா! நம்பர ஊத்தியா வண்டி ஓடும்? டேங்க்கு காஞ்சிருந்திச்சா இல்லியா? தோ, தள்ளினு வந்தவங்களக் கேளு!”

தள்ளி வந்த ஒன்பது பேரும் சாட்சி. டேங்க் காலி என்பதை அவர்கள் தோள் வலியே சொல்லும். சாலமோன் குச்சியை வாங்கிப் பார்த்தார். அதன் பிறகு அவர் மெஷினைப் பார்த்த பார்வை எனக்கு நினைவிருக்கிறது. கூட வேலை செய்கிறவரை முதல் தடவையாகச் சந்தேகிப்பது போல அதைப் பார்த்தார்.

அடுத்த வாரமும் அப்படியே நடந்தது. கஜபதி வேண்டுமென்றே டேங்க்கைக் காயவிட்டு வந்து, பங்க்கிலேயே குச்சியை விட்டுக் காட்டினார். அதோடு ஒரு பெருமையும் பேசினார்.

“இவன் திருட்ற ரெண்டு லிட்டர நான் ஓட்டிப் புடிக்கிறேன் சார். எறக்கத்துல இஞ்சின ஆஃப் பண்ணி உருட்டினே போவேன். தாமல்ல போயி குச்சி விட்டுப் பாத்தா அதே மூணு இருக்குது. ஒரு சொட்டு கொறையல. அப்டி ஓட்றேன் நானு!”

பத்து மைல் ஓடிய வண்டியில் ஒரு சொட்டும் குறையவில்லை என்று ஒருவர் சொல்கிறார். சுற்றி நின்றவர்கள் அவர் கைத்திறமையை மெச்சினார்கள். அளவையே தொழிலாகக் கொண்ட நானும் அங்கே நின்றுகொண்டிருந்தேன். அன்று நாட்குறிப்பில் எழுதினேன்: “கஜபதி சிக்கனமாக ஓட்டுகிறார்.” இந்த வரியை இப்போது படித்தாலும் எனக்குக் காது சுடுகிறது.

பிறகு குச்சிகள் பெருகின. அதே மாதிரி ஜீப் வைத்திருந்த மற்றவர்கள், தாங்களும் டேங்க்கைக் காயவைத்து லிட்டர் லிட்டராக ஊற்றிக் கீறுவதற்குப் பதில், கஜபதியின் குச்சியை வாங்கிப் பக்கத்தில் வைத்து அப்படியே கீறிக்கொண்டார்கள். டிசம்பர் தொடக்கத்தில் ஏழு குச்சிகள் இருந்தன. ஏழும் அந்த பங்க்கில் ஐந்துக்கு மூன்று காட்டின. ஒரு குச்சி பொய் சொல்லலாம், ஏழு குச்சி சொல்லுமா என்று கேட்டார்கள். ஏழும் ஒரே குச்சியின் பிரதிகள் என்பதை ஒருவரும் எண்ணிப் பார்க்கவில்லை. நூலகத்தில் பழைய நூல்களின் பிரதிகளை ஒப்பிட்டுப் படிக்கும் பழக்கம் உடைய நானும் எண்ணிப் பார்க்கவில்லை.

விலை ஏறிய அதே மாதத்தில் அளவு குறைந்தது. அதனால் திட்டம் போட்டுத்தான் செய்கிறார்கள் என்று ஊர் முடிவு கட்டிற்று. முதலாளி வெளியூரிலிருந்து வாரத்துக்கு இரண்டு நாள் வருபவர். கையில் ஓஸைப் பிடித்து நிற்பவர் சாலமோன். “ஏனாத்தூர்ல வூடு கட்றானாமே” என்று ஒருவர் சொன்னார். கூரைக்குப் புது ஓலை போட்டிருந்தார், அவ்வளவுதான். மெஷினுக்குள் கையை விட்டு எதையோ திருகுகிறான் என்று இன்னொருவர் சொன்னார். ஒரு நாள் கஜபதி சாலமோனின் சட்டைக் காலரைப் பிடித்தே விட்டார். நான் குறுக்கே போய் விலக்கினேன். சாலமோன் என்னிடம் மெதுவாக, “நீங்க அளக்கற ஆபீஸ்தான சார்? வந்து அளந்து பாருங்க சார். எனக்கும் தெரியணும்,” என்றார்.

வண்டிக்காரர்கள் கையெழுத்திட்ட மனு எங்கள் அலுவலகத்துக்கு வந்தது. டிசம்பர் மூன்றாம் வாரத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குப் போனோம். நாங்கள் வருவது எப்படியோ தெரிந்து அறுபது எழுபது பேர் கூடியிருந்தார்கள்.

வேதாசலம் யாரையும் பார்க்கவில்லை. மெஷினின் பழைய ஈய முத்திரை உடையாமல் இருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பார்த்தார். உடையவில்லை. பிறகு எங்கள் ஐந்து லிட்டர் அளவுக் குவளையைப் பெட்டியிலிருந்து எடுத்தேன். அடி அகன்று, கழுத்து குறுகிய குவளை. கழுத்தில் கண்ணாடிப் பட்டை. அதில் மில்லிலிட்டர் கோடுகள். அதைத் தரையில் வைப்பதற்கு முன்னால் வேதாசலம் பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்தார். கொத்தனார்கள் சுவர் மட்டம் பார்க்கும் அதே கருவி, சிறியது. தரையில் நீளவாட்டில் வைத்தார், குறுக்குவாட்டில் வைத்தார். நீர்க்குமிழ் ஒரு நூலளவு விலகிற்று. ஒரு செய்தித்தாளை மடித்துக் குவளையின் ஓர் ஓரத்தில் செருகச் சொன்னார். குமிழ் நடுவுக்கு வந்தது. “இப்ப ஊத்தலாம்,” என்றார்.

முதல் ஐந்து லிட்டர் குவளையின் உட்புறத்தை நனைப்பதற்கு மட்டும். காய்ந்த குவளையில் அளந்தால் சுவரில் ஒட்டும் பெட்ரோல் அளவைக் கெடுத்துவிடும். அதைத் திரும்ப நிலத்தடித் தொட்டியிலேயே கொட்டி, குவளையைச் சாய்த்துப் பிடித்து வேதாசலம் முப்பது வரை வாய்விட்டு எண்ணினார். முப்பதுக்கு முன் நிமிர்த்தக் கூடாது. பிறகுதான் சோதனை. சாலமோன் ஓஸைப் பிடித்து ஊற்றினார். வேதாசலம் தரையில் மண்டியிட்டு, கண்ணைக் கோட்டுக்கு நேராக வைத்துப் படித்தார். விரலால் எனக்கு எண்ணைக் காட்டினார். நான் எழுதினேன். ஐந்து முறை. மெதுவாக ஊற்றி ஒரு முறை, வேகமாக ஊற்றி ஒரு முறை. முக்கால் மணி நேரம் ஆயிற்று.

ஐந்து முறையும் மெஷின் சரியாக இருந்தது. சராசரி, ஐந்து லிட்டருக்கு நான்கு மில்லி கூடுதல். வாடிக்கையாளருக்குச் சாதகம்.

வேதாசலம் எழுந்தார். முழங்கால் தூசியைத் தட்டினார்.

“இன்னா சார் ஆச்சு?” என்று கஜபதி கேட்டார்.

“அறிக்கை உரிமையாளர்கிட்ட கொடுப்போம்.”

“எங்ககிட்ட சொல்ல மாட்டீங்களா? மனு குடுத்தது நாங்க சார்!”

“மனுவுக்குப் பதில் தபால்ல வரும்.”

“பாத்தியாபா! உள்ள போயி பேசிக்குவாங்க!” என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். கூட்டம் சிரித்தது. வேதாசலத்தின் முகம் மாறவில்லை. முதலாளியின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

நான் குவளையைத் துடைத்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தேன். சாலமோன் ஓஸைக் கொக்கியில் மாட்டிவிட்டு என் பக்கத்தில் வந்து குனிந்தார், பெட்டியைத் தூக்க உதவுகிறவர் போல.

“சார், நம்ம மெஷினு எப்டி சார்?”

விடை என் சட்டைப் பையில் இருந்தது. என் கையெழுத்தில். ‘சரியா இருக்குதுபா’ என்று இரண்டு சொல் சொல்லியிருக்கலாம். வேதாசலத்தின் விதி, சுற்றி நின்ற கூட்டம், சாலமோனுக்கு வேண்டியவன் என்று என்னைச் சொல்லிவிடுவார்களோ என்ற பயம், மூன்றும் ஒன்றாக நாக்கைப் பிடித்தன.

“ரிப்போர்ட்ல வரும்பா,” என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். பெட்டியின் மறுபக்கத்தைப் பிடித்து ரிக்ஷா வரை தூக்கி வந்தார்.

மறுநாள் மாலை அலுவலகத்திலிருந்து திரும்பியபோது மெஷின் பக்கத்தில் புது ஆள் நின்றிருந்தான். முதலாளி அன்று காலை வண்டிக்காரர்களைக் கூப்பிட்டு, “ஆள மாத்திட்டேன். இனிமே கொறையாது,” என்றாராம். மெஷின் சரி என்று எங்கள் கையெழுத்தும் முத்திரையும் போட்ட தாள் அவர் மேசையில் இருந்தது. அதைக் காட்டியிருந்தால் இவர்கள் நம்பியிருக்க மாட்டார்கள், லஞ்சம் என்றிருப்பார்கள். ஆளை மாற்றியதை நம்பினார்கள். சாலமோன் காக்கிச் சட்டையை மடித்துக் கொடுத்துவிட்டுப் போனார் என்று சோடாக் கடைக்காரர் சொன்னார். “ஒரு வார்த்தை பேசல சார். கத்துவாருன்னு பாத்தேன். தப்பு செஞ்சவன் மாதிரி போயிட்டாரு.”

நான் அதிர்ந்து போனேன். ஆனாலும் ஏனாத்தூருக்குப் போகவில்லை. மனுவுக்குப் பதில் தபாலில் போகட்டும், ஊருக்கே தெரியும், அவரைத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பதில், மனுவில் முதல் கையெழுத்துப் போட்ட வேறொரு ஜீப்காரருக்குப் போயிற்று. அவர் அதைப் படித்துவிட்டுக் கிழித்துப் போட்டதாகப் பின்னால் கேள்விப்பட்டேன்.

1974 ஜனவரி, பொங்கல் முடிந்த வாரம். உரக்கடைத் தராசுகளுக்கு முத்திரை வைக்கத் தாமலுக்குத் தனியாகப் போயிருந்தேன். ஏரி அந்த வருடம் நிறைந்திருந்தது. கரைக்கு ஏறும் மண் சரிவில், வேப்ப மரத்தடியில், கஜபதியின் ஜீப் நின்றிருந்தது. கஜபதி டிரைவர் சீட்டைத் தூக்கிக் குச்சியை விட்டுக்கொண்டிருந்தார்.

“வாங்க சார்! இப்ப அளவு எப்டி இருக்குது தெரியுமா? புது ஆளு வந்தும் மூணுதான் காட்டுது. மொதலாளியே கூட்டு சார்!”

எனக்கு முதலில் பட்டது ஜீப் நின்ற விதம். டிரைவர் பக்கம் தாழ்ந்து, மறுபக்கம் உயர்ந்திருந்தது.

“குச்சிய எங்க வெச்சுக் கீறுன கஜபதி?”

“இங்கதான் சார். வண்டி எப்பவும் இங்கதான நிக்கிது.”

“எப்பவும் இங்கயேதான் அளந்து பாப்பியா?”

“வெல ஏறுறதுக்கு முன்னாடி காலைல இங்க பாக்கறதோட சரி. அங்க வந்து யாரு பாத்தா? வெல ஏறுனப்புறம்தான் பங்க்லயே பாக்க ஆரம்பிச்சேன்.”

என் பையில் ரசமட்டம் இருந்தது. டேங்க்கின் மேல் வைத்தேன். குமிழ் ஒரே ஓட்டமாக ஓடி ஓரத்தில் முட்டிக்கொண்டது. “குச்சி விடு,” என்றேன். ஐந்து காட்டிற்று. “இஞ்சின் போடாத. பிரேக்க எடுத்துக் கீழ ரோட்டுக்கு உருட்டு.” தார்ச் சாலையின் மட்டமான இடத்தில் நிறுத்தினோம். “இப்ப விடு.”

மூன்று.

கஜபதி குச்சியைச் சட்டையில் துடைத்து மறுபடி விட்டார். மூன்று. டேங்க்குக்கு அடியில் குனிந்து பார்த்தார், ஒழுகுகிறதா என்று. தரை காய்ந்திருந்தது.

“யாரும் தொடலியே சார். நானும் நீங்களுந்தான இருக்கோம். இன்னா சார் இது?”

சாய்ந்த சொம்பில் தண்ணீர் ஒரு பக்கம் கூடுவதைச் சொன்னேன். சரிவில் நிற்கும்போது பெட்ரோல் தாழ்ந்த பக்கத்துக்கு ஓடுகிறது. டேங்க்கின் வாய் அந்தப் பக்கத்தில். குச்சி அங்கே இறங்குவதால் கூடுதலாக நனைகிறது. அந்த நனைந்த இடத்தில் கீறியிருக்கிறார். பங்க் தரை மட்டமானது. அங்கே அதே ஐந்து லிட்டர் குறைவாகத்தான் நனைக்கும். பங்க்கில் மூன்று காட்டிய பெட்ரோல், பத்து மைல் ஓடிக் கொஞ்சம் செலவான பிறகும், தாமல் சரிவில் மூன்று காட்டியது அதனால்தான். வண்டி எப்படியும் பெட்ரோலைக் குடித்தது. சரிவு அதை மறைத்தது.

நான்கு பேரைக் கூப்பிட்டு ஜீப்பைத் திரும்பச் சரிவில் தள்ளி ஏற்றினார் கஜபதி. குச்சி விட்டார். ஐந்து. குச்சியைக் கையில் வைத்துக்கொண்டே மண்ணில் உட்கார்ந்தார்.

“அவன் காலரப் புடிச்சேன் சார்,” என்றார்.

எங்கள் குவளைக்கு நூலளவு சாய்வைக்கூட மடித்த காகிதம் வைத்துச் சரிசெய்தோம். மனு முழுக்கக் குச்சியைப் பற்றித்தான் எழுதியிருந்தது. அந்தக் குச்சி எங்கே கீறப்பட்டது என்று நாங்கள் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. குச்சி எங்கள் முத்திரைக்கு உட்பட்ட கருவி இல்லை.

அன்று மதியமே கஜபதியின் ஜீப்பில் இருவரும் பங்க்குக்குப் போனோம். முதலாளி இருந்தார். கஜபதி நடந்ததைச் சொல்லி, “அவனத் திரும்பக் கூப்புடுங்க சார். நானே எல்லார்கிட்டயும் சொல்றேன்,” என்றார்.

“எங்கப்பா கூப்புடறது? ஊரை விட்டே போயிட்டான்.”

நான் கேட்டேன்: “மெஷின் சரியா இருந்ததுன்னு அவர்கிட்ட சொன்னீங்களா?”

“சொன்னேன் சார். சொல்லாம இருப்பேனா? ‘மெஷின் மேல தப்பில்ல, ஊரு வாய மூடணும், கொஞ்ச நாள் கழிச்சு வா’ன்னுதான் சொல்லி அனுப்புனேன்.”

அங்கிருந்து ஏனாத்தூர். சாலமோனின் வீடு பூட்டியிருந்தது. புது ஓலை இன்னும் வெளிறவில்லை. பக்கத்து வீட்டுப் பெண் முறத்தோடு வெளியே வந்தாள். நாங்கள் கேட்டதும் ஜீப்பையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“போயி இருவது நாளாவுது. பொண்டாட்டி புள்ளைங்களோட. எங்கன்னு சொல்லல.”

“ஏதாவது சொல்லிக்கினு போனாராம்மா?” என்று கஜபதி கேட்டார்.

“இன்னா சொல்றது? ரெண்டு நாளு சோறு எறங்கல அவருக்கு. ‘ரெண்டு வருசமா அந்த மெஷினப் புடிச்சினு இருந்தேன், எத்தினி பேருக்குக் கொறைச்சி ஊத்திட்டனோ, எனக்கே தெரியாம’ன்னு சொல்லிக்கினே இருந்தாரு. ஆபீஸ்காரங்க அளந்துட்டு வாயே தொறக்கலியாமே? அதுலயே தெரிஞ்சிக்கிட்டேன்னாரு.”

கஜபதி என்னைப் பார்த்தார். நான் அந்தப் பெண்ணின் கையிலிருந்த முறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வேதாசலத்திடம் மறுநாள் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அந்தச் சோதனைத் தாளின் நகலைக் கோப்பிலிருந்து எடுத்து, நான்கு மில்லி என்ற எண்ணின் மேல் விரலை வைத்தபடி, “கருவியப் பத்தி மட்டும்னு சொன்னேன். ஓஸப் புடிச்சிருந்த கை அவன்து,” என்றார். அடுத்த மாதம் வேறொரு பங்க்கில் சோதனை முடிந்ததும், கதவைத் திறந்து வைத்து, மெஷின்காரரை முதலில் கூப்பிட்டு, அவருக்குக் கேட்கும்படி முடிவைப் படித்தார். ஓய்வு பெறும் வரை அப்படியே செய்தார். நானும் செய்தேன்.

கஜபதி ஆறு மாதம் தேடினார். அரக்கோணம், ராணிப்பேட்டை, திருத்தணி என்று எந்த பங்க்கில் நிறுத்தினாலும் பெயர் சொல்லிக் கேட்டார். மற்ற ஆறு குச்சிக்காரர்களிடமும் போய்ச் சரிவைக் காட்டினார். இரண்டு பேர் ஒப்புக்கொண்டார்கள், நான்கு பேர் அவரை முதலாளி விலைக்கு வாங்கிவிட்டதாகச் சொன்னார்கள். சாலமோன் கிடைக்கவில்லை.

என் குறிப்புகளில் இரண்டு சாட்சியங்கள் இருக்கின்றன. மெஷின் சரி என்று சொல்லி அனுப்பியதாக முதலாளி சொன்னது ஒன்று. சாலமோன் அதை அறியாமல் போனதாகப் பக்கத்து வீட்டுப் பெண் சொன்னது மற்றொன்று. இரண்டையும் அதே நாளில், அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதிவைத்தேன். இரண்டில் எது உண்மை என்பதை இன்றுவரை என்னால் சரிபார்க்க முடியவில்லை.